மூணாவது சுனை

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. யாரும் வர மாட்டாங்க. அந்த சீட்டும் என்னோடதுதான். எங்க வீட்டம்மாவுக்குன்னு எடுத்தது. ஊர்ல இருந்து கிளம்பும்போதே, திரும்பி வர்ற தேதிக்குத் திருச்சியில இருந்து திருநெல்வேலிக்கு ரெண்டு சீட்டு போட்டு வச்சிட்டுத்தான் பிளேன் ஏறினேன். ஜன்னலோரம் அவளுக்கு. இப்ப நான் உக்காந்திருக்கேன். அவ வரல.

அய்யய்யோ, மூஞ்சியை அப்படி வைக்காதீங்க. அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லா இருக்கா. ரொம்ப நல்லா இருக்கா. அதான் விஷயமே.

நீங்க எங்க இறங்கணும், கோவில்பட்டியா? அப்ப நேரம் இருக்கு. சொல்றேன், கேளுங்க. நான் குறை சொல்ற ஆளு கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்லுவேன். யார் மேல தப்புன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

நான் தீயணைப்புல இருந்தவன். முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ். நிலைய அலுவலரா ரிட்டயர் ஆனேன். பேரு குத்தாலிங்கம். தீயணைப்புன்னா எல்லாரும் தீயைத்தான் நினைக்காங்க. நான் இருந்த பக்கமெல்லாம் தீ கம்மி. வைக்கப்படப்பு எரியும், எப்பவாவது ஒரு தீப்பெட்டி ஆபீசு. மிச்சமெல்லாம் தண்ணிதான். கிணத்துல விழுந்தது, கண்மாயில மாட்டினது, ஆத்தோட போனது. நான் கரையில நின்னு பசங்களை இறக்குவேன். 'இடப்பக்கம் போ, பாறைக்கு அடியில கையை விட்டுப் பாரு'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். எத்தனை பேரை வெளிய எடுத்திருக்கோம்னு கணக்கு சொல்லலாம். நீங்க சாப்பிட்டு ஏறியிருப்பீங்க, வேண்டாம்.

எங்க வீட்டம்மா பேரு பிரமு. பிரம்மசக்தி. அவளுக்கு ஊரு சேரன்மகாதேவி. அவங்க வீட்டுப் புழக்கடைக் கதவைத் திறந்தா தாமிரபரணி. நாங்க விளாத்திகுளத்துக்கு வடக்க, கரிசக்காடு. எங்க ஊர்லயும் கண்மாய் இருந்துச்சு. தண்ணி இருக்காது.

கல்யாணம் ஆன மூணாவது மாசம், ஆடிப் பதினெட்டு. அன்னைக்கு ஒரு படித்துறையில தாயும் மகளும் போயிட்டாங்க. மகளுக்கு ஏழெட்டு வயசு இருக்கும். எடுக்கும்போது பாத்தா, அந்தம்மா சேலை முந்தியை மக மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்தி வச்சிருந்தா. பசங்க அதை அவிழ்க்க ரொம்ப நேரம் ஆச்சு. நான் கரையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பாத்துட்டு வீட்டுக்கு வந்தேன். பிரமு அன்னைக்குத்தான் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்கா. தலை ஈரமா இருக்கு. ஆத்துத் தண்ணி வாடை. நான் யூனிபார்மைக்கூடக் கழட்டல. நின்ன வாக்குலயே சொன்னேன், "இனிமே நீ தண்ணியில இறங்கக் கூடாது. ஆறு, குளம், கடலு, எதுலயும். குளிக்கிறதுன்னா வீட்டுல."

அவ என்னைப் பாத்தா. "சரி"ன்னா. சோறு எடுத்து வச்சா.

அவ்வளவுதான் தம்பி. சண்டை கிடையாது, முணுமுணுப்பு கிடையாது. முப்பத்தஞ்சு வருஷம். அப்படி ஒரு ஒத்துமை எங்களுக்குள்ள. குத்தாலத்துக்கு மட்டும் பதினோரு தடவை போயிருக்கோம். நானும் குளிக்க மாட்டேன், அவளும் குளிக்க மாட்டா. அருவி நல்லா விழுதான்னு பாத்துட்டு அல்வா வாங்கிட்டு வந்துருவோம். திருச்செந்தூர்ல அலை காலைத் தொட வந்தா, அவளா ரெண்டு எட்டு பின்னாடி வந்துருவா. நான் சொல்லவே வேண்டாம். தண்ணின்னா அவளுக்கு அவ்வளவு பயம்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். வேற எப்படி நினைக்கச் சொல்றீங்க?

சரி. எங்க பொண்ணு வடிவு ஆஸ்திரேலியாவுல இருக்கா. டார்வின்னு ஒரு ஊரு, மேப்புல உச்சியில ஓரமா இருக்கும். ஆஸ்பத்திரியில நர்ஸு. மாப்பிள்ளை நவநீதன் அங்க ஒரு பவர் ஹவுஸ்ல இருக்காரு. ஆறு வாரம் வந்து இருங்கன்னு டிக்கெட் எடுத்து அனுப்பினாங்க. போனோம். வெயிலு நம்ம ஊரு வெயிலுதான். மாமரம் நிக்கி, முருங்கை நிக்கி. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்கன்னு மககிட்ட கேட்டேன். சிரிச்சா. நான் சிரிக்கிறதுக்குக் கேக்கல.

கடலு வீட்டுல இருந்து நடந்து போற தூரம். ஆனா யாரும் இறங்க மாட்டாங்க. முதலை. கடல்ல முதலை தம்பி. போர்டு வச்சிருக்கான், வாயைப் பொளந்த படத்தோட. எனக்கு அந்த ஊரு பிடிச்சுப் போச்சு. தண்ணின்னா என்னன்னு தெரிஞ்ச ஊருன்னு நினைச்சேன்.

ரெண்டாவது வாரம் மாப்பிள்ளை வந்து, "மாமா, வெள்ளிக்கிழமை ஒரு நேஷனல் பார்க்குக்குப் போறோம். காட்டுக்குள்ள நல்ல சுனை இருக்கு, குளிக்கலாம்"னாரு.

"முதலை?"

"கடல் முதலை மழைக்காலத்துலதான் மாமா ஏறி வரும். மழை நின்னதும் ரேஞ்சருங்க முழுக்கத் தேடிப் பாத்துட்டுத்தான் திறந்து விடுவாங்க."

"பாத்தாச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பாங்களா, கேட்டுச் சொல்லுங்க"ன்னேன். அவர் கேக்கல.

நாலு மணி நேரம் கார்ல போனோம். காட்டுக்குள்ள தகரக் கூரை போட்ட குடிலு ரெண்டு வாடகைக்கு எடுத்திருந்தாரு. அங்க குளிக்கிற மாதிரி மூணு சுனை. பேரெல்லாம் எனக்கு வாயில நுழையல, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டுட்டேன். "மாமா, உங்களுக்கு எது வசதியோ அதுக்கே போவோம்"னு மாப்பிள்ளை மரியாதையா சொல்லிட்டாரு. பொறுப்பு என்கிட்ட வந்துருச்சு. சனிக்கிழமை காலையில டைரியை எடுத்துக்கிட்டு நான் தனியா போய் மூணையும் பாத்தேன். ஆழம், இழுப்பு, ஏற இறங்க வழி, அடியில பாறை உண்டா, கூப்பிட்டா காதுல விழுற தூரத்துல ஆள் உண்டா. ஒண்ணு ஒண்ணுக்கும் பத்து மார்க்கு. மொத்தம் அம்பது.

முதல் சுனை அருவிக்கு அடியில. நீலமா கிடக்கு. ஒரு கல்லைப் போட்டேன், கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்குப் போயிருச்சு. வெள்ளைக்காரப் பசங்க பாறை மேல ஏறி நின்னு குதிக்கான். பதினொரு மார்க்கு. அதுவே தாராளம்.

ரெண்டாவது சுனை நல்ல சுனை தம்பி. பாத்த உடனே எனக்கு மனசு ஆறிப் போச்சு. சுத்தி கல்லு வச்சுக் கட்டியிருக்கான். படி இருக்கு, படிக்குக் கைப்பிடி இருக்கு. இடுப்பளவுதான் தண்ணி, வெதுவெதுன்னு. ஒரு இழுப்பு கிடையாது. மேல பனைமரத்துல வௌவாலு தொங்கிக்கிட்டு நாறுது, அது ஒண்ணுதான். அதுக்கு மூணு மார்க்கைக் குறைச்சு நாப்பத்தி ஏழு.

மூணாவது, சுனைன்னு சொல்லக்கூடாது. பூமிக்குள்ள இருந்து தண்ணி கொப்பளிச்சு வந்து ஓடையா ஓடுது. கண்ணாடி மாதிரி. அடியில கிடக்கிற இலையோட நரம்பு தெரியும். ரெண்டு பக்கமும் பனையும் தாழையும் அடைச்சு நிக்கி. மேல ஒரு ஏணி, அது வழியா இறங்கணும். தண்ணி இழுத்துக்கிட்டுப் போகும். நூத்தம்பது எட்டு தூரம் தள்ளிக் கீழ ரெண்டாவது ஏணி, அதைப் பிடிச்சு ஏறணும். பிடிக்கலன்னா? அதை யாரும் யோசிக்கல. ரெண்டு ஆள் ஆழம். நான் ஒரு இலையைப் போட்டுக் கூடவே, கரையோரமா போட்டிருக்கிற பலகைப் பாதையில நடந்து பாத்தேன். என்னோட நடை வேகம். ஒம்பது மார்க்கு.

குடிலுக்கு வந்து வாசிச்சுக் காட்டினேன். வடிவு "அப்பா, இது சுற்றுலாப்பா, இன்ஸ்பெக்சன் இல்ல"ன்னா. எல்லாம் முடிஞ்ச பிறகு பிரமு ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"மூணாவதுல தண்ணி சுடுமா, குளிருமா?"

"நான் தொட்டுப் பாக்கல"ன்னேன்.

"இறங்குறதுக்குத்தானே பாக்கப் போனீங்க? தொடாமலா மார்க்கு போட்டீங்க?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்னு நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கல. பொம்பளைங்க எதையாவது கேக்கத்தானே செய்வாங்கன்னு விட்டுட்டேன்.

அன்னைக்கு எல்லாரும் ரெண்டாவதுக்குப் போனோம். மகளும் மாப்பிள்ளையும் குளிச்சாங்க. நான் கரையில நின்னுக்கிட்டேன். பிரமுவைக் கடைசிப் படியில உக்காந்து காலை நனைச்சுக்கலாம்னு அனுமதிச்சேன். முழங்காலு வரைக்கும். நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. அவ காலைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு ரொம்ப நேரம் குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தா. வௌவாலு வாடைக்குத் தலை சுத்துதோன்னு எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. விடிஞ்சு நல்லா வெளிச்சம் வந்துருச்சு. முழிச்சுப் பாத்தா பக்கத்துல அவ இல்ல. மக குடிலைத் தட்டினேன். மாப்பிள்ளை கொட்டாவி விட்டுக்கிட்டு வந்து, "அத்தையும் வடிவும் அப்பவே நடந்து போனாங்களே மாமா"ன்னாரு. எங்கன்னு அவருக்குத் தெரியல. நான் நேரா ரெண்டாவதுக்குப் போனேன். நம்ம முடிவு பண்ணின சுனை அதுதானே? ஒரு ஆளு இல்ல. வௌவாலுதான் இருந்துச்சு.

அப்பதான் அவ முந்தின நாள் கேட்ட கேள்வி ஞாபகம் வந்துச்சு. மூணாவதுக்கு ஓடினேன். எனக்கு அறுபத்தஞ்சு வயசு தம்பி. ஓடினேன்.

மேல் ஏணிக்குப் பக்கத்துல கைப்பிடிக் கம்பி இருக்கு. அதுல பிரமு சேலை. நாலா மடிச்சு வச்சிருக்கு. கீழ செருப்பு ஜோடியா இருக்கு. அதுக்கு மேல அவ மூக்குக் கண்ணாடி.

உங்களுக்கு அது ஒண்ணுமில்லாம இருக்கும். எங்க சர்வீஸ்ல இருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க. சேலையை மடிச்சு, செருப்பை ஜோடியா விட்டு, கண்ணாடியைக் கழட்டி வச்சிருந்தா, அதுக்கப்புறம் நாங்க அவசரப்பட மாட்டோம். அவசரப்பட்டுப் பிரயோஜனம் இல்லன்னு தெரியும். ஆம்புலன்சுக்குப் பதிலா போலீசுக்குச் சொல்லுவோம். அவ்வளவு அனுபவம் எனக்கு. ஆனா அன்னைக்கு அந்த அனுபவம் ஒண்ணுத்துக்கும் உதவல. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்.

அப்ப கீழ வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டுச்சு. பொம்பளைக் குரலு. மேல போய் உடைஞ்சு, மூச்சுத் திணறி, மறுபடி மேல போற சத்தம். பிரமு குரலுதான். ஆனா அப்படி ஒரு சத்தம் அவகிட்ட இருந்து நான் கேட்டதே இல்ல. முப்பத்தஞ்சு வருஷத்துல கேட்டதே இல்ல. தண்ணியில போறவங்க கடைசியில போடுற சத்தம்னு நினைச்சேன். பலகைப் பாதையில ஓடிப் போய் வளைவுல நின்னு பாத்தா, தண்ணி நடுவுல அவ தலை தெரியுது. ஒரு நிமிசம் தெரிஞ்சுது. உள்ள போயிருச்சு.

குதிச்சிட்டேன்.

சட்டை, வேட்டி, வாட்ச்சு, டைரி, எல்லாத்தோடயும் குதிச்சிட்டேன்.

இந்த இடத்துல ஒரு சின்ன விஷயம் சொல்லணும். நீங்க கோவில்பட்டியில இறங்கிப் போயிருவீங்க, அதனால சொல்றேன். எனக்கு நீச்சல் தெரியாது.

ஏன் சிரிக்கீங்க? ட்ரெயினிங்ல நீச்சல் பரீட்சை உண்டு, இல்லைங்கல. நம்பரைக் கூப்பிட்டுக் குதிக்கச் சொல்லுவாங்க. நாப்பது பேரும் ஒரே மாதிரி ஜட்டி, ஒரே மாதிரி ஒட்ட வெட்டின முடி. எனக்குக் கூட்டாளி ஒருத்தன், அந்தோணிமுத்துன்னு, மணப்பாட்டுக்காரன், கடல்லயே பொறந்த மாதிரி. அவன் ரெண்டு தடவை குதிச்சான். முதல்ல அவன் நம்பருக்கு, அப்புறம் என் நம்பருக்கு. எனக்காகக் குதிச்சதுக்குத்தான் நல்ல மார்க்கு. அதுக்கப்புறம் யாரும் கேக்கல. யார் கேப்பா? நான் நிலைய அலுவலர். கரையில நிக்கிறதுதான் என் வேலை. அந்தோணிமுத்து செத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. அந்தப் பரீட்சை விஷயம் இப்ப உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் பிரமுவுக்கு.

தண்ணி வெதுவெதுன்னுதான் இருந்துச்சு. அதைத் தெரிஞ்சுக்கிட்டேன். அப்புறம் காதுக்குள்ள கொடகொடன்னு போச்சு. கண்ணைத் திறந்து வச்சிருந்தேன், எல்லாம் பச்சையா, ரொம்பத் தெளிவா இருந்துச்சு. டைரி என் முன்னாடி விரிஞ்சு மிதந்து போகுது. வேட்டி கால்ல சுத்திக்கிருச்சு. பிரமுவைத் தேடணும்னு திரும்புறேன், உடம்பு திரும்ப மாட்டேங்குது.

தண்ணியில தவிக்கிற ஆளைக் காப்பாத்தப் போனா, முன்னாடி போகக் கூடாது. அவன் உங்களையும் கட்டிப் பிடிச்சு முக்கிருவான். பின்னாடியா போய், சட்டைக் காலரையோ தலைமுடியையோ பிடிச்சு, மூஞ்சி மேல இருக்கிற மாதிரி மல்லாக்க இழுக்கணும். இதை நான் எத்தனையோ பள்ளிக்கூடத்துல, கரும்பலகையில படம் போட்டுச் சொல்லியிருக்கேன்.

அவ பின்னாடியா வந்து காலரைப் பிடிச்சா.

"கையைக் காலை ஆட்டாதீங்க. சும்மா கிடங்க"ன்னா. அந்தக் குரலும் புதுசு. நான் என் பசங்ககிட்டப் பேசுற குரலு அது. சும்மா கிடந்தேன். தலைக்கு மேல பனையோலை போய்க்கிட்டே இருக்கு. கீழ் ஏணியில வடிவு நின்னுக்கிட்டு அழுதுக்கிட்டே கையை நீட்டினா. ரெண்டு பேரும் கரைக்கு வந்தோம். யாரு யாரைக் கொண்டு வந்தாங்கங்கிற கேள்விக்கு இப்ப அவசியம் இல்ல. ரெண்டு பேரும் வந்தோம்.

தண்ணியை எல்லாம் கக்கின பிறகு அவளைப் பாத்தேன். மகளோட டி-சர்ட்டும் கால்ல ஒட்டின பேண்ட்டும் போட்டுக்கிட்டு, முடியெல்லாம் வழிஞ்சு, வேற யாரோ மாதிரி உக்காந்திருக்கா.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"ன்னேன்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"ஆறு வயசுல இருந்து. எங்க வீட்டுப் படித்துறையில இருந்து அக்கரைக்குப் போய்ட்டு வருவேன். வெள்ளத்துலயும் போவேன். எங்க அண்ணனுங்களால முடியாது."

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? இறங்காதன்னுதான் சொன்னீங்க."

எப்படி இருக்கு பாருங்க தம்பி. யாராவது பொண்டாட்டிகிட்ட உனக்கு நீச்சல் தெரியுமான்னு கேப்பானா? உனக்கு லாரி ஓட்டத் தெரியுமான்னும்தான் நான் கேட்டதில்ல. அவளா சொல்ல வேண்டாமா? முப்பத்தஞ்சு வருஷம் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு இவ்வளவு பெரிய விஷயத்தை மறைச்சு வச்சிருந்திருக்கா.

"அப்ப அந்தச் சத்தம்? மூச்சுத் திணறுச்சே உனக்கு?"

அவளுக்குப் புரியல. வடிவுதான் சொன்னா, "அப்பா, அம்மா சிரிச்சாங்கப்பா. தண்ணி கீழ இழுத்துட்டுப் போனதும் சிரிச்சுட்டாங்க. நிறுத்தவே முடியல."

வீட்டுல சிரிப்பா, இல்லைங்கல. இப்படி முந்தியை வாயில வச்சுக்கிட்டு. அது வேற சிரிப்பு. இதை நான் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

அப்புறம் அவ என்னைக் கொஞ்ச நேரம் உத்துப் பாத்தா. வேட்டி இல்லாம, மக குடுத்த துண்டைச் சுத்திக்கிட்டு நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

"உங்களுக்குத் தெரியாதா?"ன்னா.

நான் துண்டை இறுக்கிச் சுத்திக்கிட்டேன்.

"தெரியாதா? இவ்வளவு வருஷமா?" திடீர்னு என் புஜத்துல ஓங்கி ஒரு அடி அடிச்சா. மக எதிர்க்கவே. அடிச்சுட்டு ஓன்னு அழுதுட்டா. "தெரியாம எதுக்குய்யா குதிச்ச?"

'குதிச்ச'ன்னா தம்பி. 'குதிச்சீங்க' இல்ல. அதுக்கு நான் பதில் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல. என்னன்னு சொல்றது?

திரும்பி நாலு மணி நேரம் கார்ல யாரும் பேசல. மாப்பிள்ளை மட்டும் ஒரு தடவை, "மாமா, ஏசி கூடவா இருக்கு?"ன்னு கேட்டாரு.

அதோட முடிஞ்சுதுன்னுதானே நினைப்பீங்க? மறுநாளே மகளைக் கூட்டிட்டுப் போய் நீச்சல் உடுப்பு வாங்கிட்டா. முழங்கால் வரைக்கும் இருக்கு, முழுக்கை இருக்கு, அதுல குறை சொல்ல முடியாது. ஊருக்குள்ள ஒரு பொது நீச்சல் குளம். தினமும் காலையில ஆறு மணிக்கு அங்க போயிருவா. ஏழெட்டு வெள்ளைக்காரக் கிழவிங்க வருவாங்க. அதுல ஒருத்திக்கு எண்பத்திரெண்டு. இவளை 'பிரம், பிரம்'னு கூப்பிடுறாங்க. இவளுக்கு இங்கிலீசு வராது. அவங்களுக்குத் தமிழ் வராது. என்னத்தைப் பேசுவாங்களோ, ஒன்றரை மணி நேரம் பேசுவாங்க. நான் பெஞ்சுல உக்காந்து பையைப் பாத்துக்கிட்டு இருப்பேன்.

ரெண்டு நாள் பாத்தா. மூணாவது நாள் வந்து, "இறங்குங்க"ன்னா. எனக்கு அரை டவுசர் வாங்கி வச்சிருந்தா. நான் மாட்டேன்னேன். "ஓடுற ஆத்துல குதிக்கத் தெரிஞ்சுது, இதுல இறங்கத் தெரியாதோ?"ன்னா. கிழவிங்க எல்லாம் பாக்காங்க. இறங்கினேன். நீளமா நுரையில செஞ்ச தடி ஒண்ணு, அதைக் கக்கத்துல வச்சுக்கிட்டு கால் அடிக்கணும். அடிச்சேன். மூணு வாரம் அடிச்சேன். அந்த எண்பத்திரெண்டு வயசுக்காரி என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவா. தடியை எடுத்தா முங்கிருவேன்.

திரும்பி வர்றதுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பெட்டியைக் கட்ட ஆரம்பிச்சேன். அவ சேலையை நான் எடுத்து வைக்கப் போனா, "என்னோடதை வைக்காதீங்க"ன்னா.

"ஏன்?"

"நான் வரல. நீங்க போயிட்டு வாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"விசா இன்னும் ஒன்றரை மாசம் இருக்காம். மாப்பிள்ளை பாத்துச் சொன்னாரு."

"எனக்கு இந்த மாசத்துக்குள்ள கருவூலத்துல போய் நிக்கணும். உயிரோட இருக்கேன்னு காட்டணும். இல்லன்னா பென்சன் நின்னுரும்."

"அதான் நீங்க போயிட்டு வாங்கன்னேன். எனக்குப் பென்சன் இல்லையே"ன்னா.

கோவமா சொல்லல. காப்பி ஆத்திக்கிட்டே சொன்னா. வடிவைப் பாத்தேன். அவ செல்போனைப் பாத்துக்கிட்டு இருக்கா. நான் பெட்டியில இருந்து சேலையை எடுத்து வெளிய வச்சேன். எட்டு சேலை. பெட்டி பாதி காலி. அதுல மக, கோலிக்குண்டு சைசுல ஏதோ கொட்டையும் சாக்லேட்டும் போட்டு நிரப்பினா.

கடைசி சனி, ஞாயித்துக்கு மறுபடி அந்தப் பார்க்குக்குப் போனோம். இந்தத் தடவை யாரும் என்னை எந்தச் சுனைன்னு கேக்கல. காலையில அவ மூணாவதுக்குப் போனா. நான் பலகைப் பாதையில, அவ மிதந்து போற வேகத்துக்குக் கூடவே நடந்தேன். ஏழு தடவை போனா. ஏழு தடவையும் நடந்தேன். வளைவு வந்ததும் அந்தச் சத்தம் வரும். இப்ப எனக்கு அடையாளம் தெரியும்.

மத்தியானத்துக்கு மேல ரெண்டாவதுக்கு வந்தோம். "வாங்க, இது நீங்க பாத்து வச்ச சுனைதானே"ன்னு கையைப் பிடிச்சு இறக்கினா. தடியைப் பிடுங்கி மாப்பிள்ளைகிட்டக் குடுத்துட்டா. "மல்லாக்கப் படுங்க. நான் முதுகுல கையைக் குடுத்துக்கிறேன். வயித்தை எக்காதீங்க. காது நனையட்டும்"னா. படுத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். அவ உள்ளங்கை முதுகுக்கு அடியில இருக்கு. "எடுத்துறாத, எடுத்துறாத பிரமு"ன்னு சொல்லிக்கிட்டே கிடக்கேன். காதுக்குள்ள தண்ணி போனதும் நான் சொல்றதே எனக்குக் கேக்கல. வெதுவெதுன்னு இருக்கு. கண்ணைத் திறந்தேன். மேல பனையோலை, அதுக்கு மேல வானம், வௌவாலெல்லாம் தலைகீழாத் தொங்கிக்கிட்டு என்னையே பாக்குது. ரொம்ப நேரம் அப்படியே கிடந்தேன்னு நினைக்கேன். வாட்ச்சுதான் தண்ணியில போயிருச்சே, நேரம் தெரியல.

"பிரமு"ன்னேன். பதில் இல்ல. "கை வலிக்கா?"ன்னேன். அதுக்கும் பதில் இல்ல. தலையை லேசாத் திருப்பிப் பாத்தா, அவ அந்தக் கோடியில, படியில உக்காந்து மகளோட சேந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருக்கா.

பாத்த உடனே முங்கிட்டேன். கையைக் காலை உதறி எந்திரிச்சா, தண்ணி இடுப்புக்கு இருக்கு.

"எப்ப கையை எடுத்த? எடுக்கும்போது சொல்ல வேண்டாமா?"ன்னு அங்கன நின்னே கத்தினேன். வெள்ளைக்காரங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

"சொன்னா அப்பவே முங்கிருப்பீங்க"ன்னா. ஒரு சுளையை எடுத்து என்னைப் பாத்து நீட்டினா. "வந்து வாங்கிக்கோங்க."

இருபது எட்டு தூரம் இருக்கும் தம்பி அந்தக் கோடிக்கு. இடுப்பளவு தண்ணி. நடந்தே போய் வாங்கியிருக்கலாம்.

நடக்கல. மல்லாக்கப் படுத்துக் காலை அடிச்சேன்.